பட்டறையில் புதுசா ஒன்று எப்படிப் பிறக்கிறது? வடசென்னைக்காரர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காசிமேடு லேத்:

தலைப்பைப் பார்த்துப் பெரிதாக எதுவும் நினைக்க வேண்டாம். போன வாரம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். சிறுதொழில்காரர்கள் இன்னோவேஷன் பண்ண வேண்டும் என்று மேடையில் ஒருவர் இரண்டு மணி நேரம் பேசினார். பக்கத்தில் இருந்த ஃபவுண்டரிக்காரர் என் காதில், "நாம தினமும் பண்றதுக்குப் பேர் என்னவாம்?" என்றார். அந்தக் கேள்வியைத்தான் இங்கே கொண்டு வருகிறேன். முதலில் என் கதை.

துறைமுகத்தை நம்பித்தான் என் லேத் ஓடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஒவ்வொன்றாக ரிப்பேருக்கு வரும். வருடத்தின் பாதி வேலை எனக்கு அந்த இரண்டு மாதத்தில்தான். அதில் தவறாமல் வருவது புரொப்பல்லரைச் சுற்றவைக்கும் தண்டு, அதாவது ஷாஃப்ட். கடல் தண்ணீர் உள்ளே வராமல் ஷாஃப்டைச் சுற்றி அடைக்கிற கிளாண்ட் பேக்கிங் உரசுகிற இடத்தில் மட்டும், ரொம்ப நாள் மோதிரம் போட்ட விரல் மாதிரி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். மற்ற இடமெல்லாம் நன்றாகவே இருக்கும். வெல்டிங் ரொப்பித் திரும்பக் கடைந்து கொடுப்போம். அந்தச் சூட்டில் ஷாஃப்ட் லேசாக வளையும், அதை நிமிர்த்த வேண்டும். அடுத்த வருடம் அதே ஷாஃப்ட் அதே இடத்தில் தேய்ந்து வரும். நமக்கு வருமானம்தானே என்று பத்து வருடம் பேசாமல் இருந்தேன். பொய் சொல்வானேன்.

ஒரு படகு டிரைவர்தான் ஒருநாள் கடுப்பாகிவிட்டார். "ஏம்ப்பா, சைக்கிள்ல டயர் தேய்ஞ்சா டயரை மாத்துறோம். ரிம்மையா மாத்துறோம்?" அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. தேயும் இடத்துக்கு மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு சட்டை போட்டுவிட்டால், தேய்வது சட்டைதானே, ஷாஃப்ட் இல்லையே!

முதல் சட்டையைச் சுத்தியலால் தட்டித்தான் ஏற்றினேன். இரண்டே ட்ரிப். நடுக்கடலில் கழன்று தனியாகச் சுற்றி, பேக்கிங் கருகி, இன்ஜின் ரூமுக்குள் தண்ணீர். டிரைவர் கரைக்கு வந்து பேசியதை இங்கே எழுத முடியாது. காசு வாங்காமல் சரி செய்து கொடுத்தேன்.

அடுத்த தடவை ஷாஃப்ட் 60 மில்லிமீட்டர் என்றால் சட்டையின் உள்துளையை இரண்டு தவ், அதாவது 0.05 மில்லிமீட்டர், குறைத்துக் கடைந்தேன். சட்டையைச் சூடாக்கினால் விரியும், விரிந்தபோது மாட்ட வேண்டும், ஆறினால் கவ்விக்கொள்ளும். 170 டிகிரி வரை ஏற்றினால் அந்த விட்டத்துக்குச் சுமார் 0.14 மில்லிமீட்டர் விரியும், தாராளம். ஆனால் டிகிரி பார்க்க என்னிடம் மீட்டர் இல்லை. எதிரே பஜ்ஜிக் கடை. மாஸ்டரிடம், "உங்க எண்ணெய் எப்பப் பதம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்றேன். "துளி மாவு விட்டுப் பாருண்ணே. அடியிலயே கிடந்தா பத்தலை, உடனே கருகினா ஜாஸ்தி, நுரைச்சு மேல வந்தா சரி" என்றார். பழைய இரும்புச் சட்டியில் இன்ஜின் ஆயிலை ஊற்றி, சட்டையை முக்கி, அவர் கொடுத்த கடலை மாவைத் துளித் துளியாக விட்டுப் பார்த்துதான் இந்தச் சட்டையை மாட்டினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. மாட்டியதும் ஆறிவிட்டது, அப்புறம் சுத்தியலால் அடித்தும் அசையவில்லை.

அதோடு முடியவில்லை. அடுத்த வருடம் பார்த்தால் சட்டையின் இரண்டு ஓரத்திலும் உப்புத்தண்ணீர் புகுந்து உள்ளே துரு. இப்போது ஓரத்தை எம்-சீல் வைத்து அடைக்கிறோம். இன்னும் எதுவெல்லாம் வருமோ, கடலுக்குத்தான் தெரியும்.

பழைய வண்ணை இஸ்திரிக் கடை:

வணக்கம் அண்ணா. கடை அம்மாவுடையது. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன். நான் எம்.பி.ஏ. படிக்கிறேன், அதனால் நடுநடுவே என் பாடமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரிப்பெட்டியிலிருந்து கேஸ் இஸ்திரிப் பெட்டிக்கு மாறியது பெரிய கதை இல்லை, எல்லோரும்தான் மாறினார்கள். ஆனால் கேஸ் பெட்டிக்கு ஒரு டியூப் உண்டு. சட்டை காலர் தேய்க்கும்போது அது கையில் மாட்டும், துணியைக் கலைக்கும், பாவாடை மடிப்பு போச்சு. அம்மா சைக்கிள் டியூபை நீளமாக அறுத்து, கூரை மரத்தில் கட்டி, கேஸ் டியூபை அதில் தொங்கவிட்டார். கை போகிற பக்கமெல்லாம் அது இழுபட்டு வரும், விட்டால் மேலே போய்விடும். இப்போது எங்கள் தெருவில் நான்கு கடையில் அப்படித்தான் தொங்குகிறது.

அம்மா பெருமையாகச் சொல்வது இதை இல்லை. ஞாயிறு ராத்திரிக் கூட்டத்தைக் குறைத்ததை. திங்கள் யூனிபாரம் எல்லாம் ஞாயிறு சாயங்காலம்தான் வரும், பன்னிரண்டு மணி வரை தேய்ப்பார், முதுகு போய்விடும். வியாழனுக்குள் கொடுக்கிற வீட்டுக்கு உருப்படிக்கு ஒரு ரூபாய் குறைவு என்றார். அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் பாதி வீடு வியாழனுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு கலர் நூலைக் காலரில் முடிச்சுப் போடுவதால் துணி மாறிப் போன சண்டையும் இல்லை.

எங்கள் வகுப்பில் சொன்னார்கள்: ஓஇசிடி என்கிற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2018இல் புதுப்பித்த வரையறைப்படி, புதுமை என்பது புதுப் பொருள் மட்டும் இல்லை, தொழிலை நடத்தும் முறையில் வரும் மாற்றமும் சேரும். உலகத்துக்கே புதிதாக இருக்க வேண்டியதில்லை, அந்த நிறுவனம் முன்பு செய்ததிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு மாறியிருந்தால் போதும். அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நான் எத்தனையோ பண்ணியிருக்கேன், யாரும் கணக்கெடுக்க வரலையே" என்கிறார். எரிக் வான் ஹிப்பெல் என்ற பேராசிரியர் 1976இல் அறிவியல் கருவிகளை ஆராய்ந்தபோது, முக்கியமான மேம்பாடுகளில் பெரும்பாலானவை தயாரித்தவர்களிடமிருந்து வரவில்லை, பயன்படுத்தியவர்களிடமிருந்து வந்தன என்று கண்டாராம். உங்கள் டிரைவர் அண்ணனைத்தான் சொல்கிறார் போல.

கொருக்குப்பேட்டை பிளாஸ்டிக்:

என் கதையில் முதல் பாதி சந்தோஷம், மறுபாதி எரிச்சல்.

மீன் விற்கிற அக்காக்கள் அலுமினிய அன்னக்கூடையில் ஐஸும் மீனுமாகப் பஸ்ஸில் ஏறுவார்கள். உருகின தண்ணீரில் அடி மீன் ஊறிக் குழைந்துவிடும், பாதி விலைக்குத்தான் போகும். எங்கள் மோல்டிங் யூனிட்டில் ரிஜெக்ட் ஆன பிளாஸ்டிக் ஸ்டூல் மூட்டையாகக் கிடக்கும். என் பக்கத்து வீட்டு மீன்கார அக்கா ஒருநாள், "அந்த ஸ்டூல்ல தான் மேல ஓட்டை இருக்கே, காலை வெட்டிக் குடேன்" என்றார். ரம்பத்தால் இரண்டு அங்குலக் கால் விட்டு வெட்டி, கூடைக்குள் வைத்தோம். மீன் மேலே, தண்ணீர் கீழே. டிசைன், ஆராய்ச்சி, எல்லாம் அவ்வளவுதான்! பிறகு விளிம்பை உருட்டி, ஓட்டையைச் சின்னதாக்கி, ஒரு தட்டாகவே வார்க்கத் தனியாக மோல்டு வெட்டினேன். மோல்டுக்குக் கடன்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். ஒரு பெரிய வியாபாரி சாம்பிள் கேட்டார், கொடுத்தேன், ஐநூறு பீஸுக்கு விலையும் கொடுத்தேன். பதிலே இல்லை. நான்கு மாதம் கழித்து அதே தட்டு, வேற கலரில், மார்க்கெட்டில். அதற்கு முன் மற்றவர் வடிவத்தைக் காப்பியடிக்காமல் தடுக்கிற டிசைன் பதிவாவது போட்டிருக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு முதலில் 10 வருடம், கேட்டால் இன்னும் 5. ஆனால் விற்பதற்கு முன்னாலேயே போட வேண்டும், அது தெரிந்தபோது தட்டு ஊரெல்லாம் போய்விட்டது. யாரும் முன்னாடி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ரிட்டயர்டு வெண்டார் ஆள்:

எண்ணூர் பக்கம் ஒரு வண்டிக் கம்பெனியில் சப்ளையர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன், அதனால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்கிறேன். தம்பி சொன்ன மாதிரி நடப்பது உண்டு. சின்னப் பட்டறைக்காரர் ட்ராயிங்கைப் பார்த்து, "சார், இந்த மூலையை வளைச்சா வெல்டிங் மிச்சம்" என்பார். நாங்கள் மாற்றுவோம், மிச்சம் எங்களுக்கு, அவருக்கு அடுத்த வருடம் விலைக் குறைப்பு. நானும் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஆனால் யோசனை இல்லாமல் எந்தச் சின்னத் தொழிலும் நின்றதை நான் பார்த்ததில்லை. பணம் முடங்கித்தான் நிற்கும். ஒரு சோதனை தோற்றால் அடுத்த சோதனைக்குக் காசு வேண்டுமே, நம் லேத் தம்பிக்கு இருந்த மாதிரி. சிறுதொழில்களுக்கான 2006ஆம் வருடச் சட்டப்படி, அவர்களுக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயத்தில் யாரும் கேட்பதில்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கு அப்படி இழுத்த தொகையைக் கொடுத்து முடிக்கும்வரை, வாங்குகிறவர் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று இப்போது ஒரு விதி வந்திருக்கிறது. அதைக் காட்டி மென்மையாகக் கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் வேலை செய்கிறது.

அப்புறம், எம்ஆர்எஃப் 1946இல் இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்துதான் தொடங்கியது. டயர் ரீட்ரெட் செய்கிற ரப்பருக்கு 1952இல்தான் போனது. அந்தக் கதையை எங்கள் சப்ளையர்களிடம் அடிக்கடி சொல்வேன். ஒருவர் மட்டும், "சார், பலூனுக்குப் பணம் எத்தனை நாள்ல வந்துச்சு?" என்று கேட்டார்.

காசிமேடு லேத்:

ஹாஹா, அந்தக் கேள்வி கேட்டவர் நம்ம ஆளாகத்தான் இருப்பார். என் சட்டையையும் இப்போது மூன்று பட்டறையில் போடுகிறார்கள். அதில் ஒருவர் என்னிடம் வேலை செய்த பையன். கோபம் வந்தது, பிறகு அவன் கடைந்ததை வெர்னியர் வைத்துப் பார்த்தேன், சுத்தமாகத்தான் இருந்தது. பஜ்ஜி மாஸ்டர் பங்கு கேட்கிறார், தடைக்காலம் முடியும்வரை தினமும் நான்கு பிளேட் வாங்குவதாகப் பேச்சு.

சட்டை போட விலை கேட்பவர்களுக்கு: போனில் அளவு சொல்லாதீர்கள். ஷாஃப்டைக் கொண்டு வந்து போடுங்கள், தேய்ந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வேன்.