தமிழ்த் தளத்துக்குத் தீம் தேர்ந்தெடுப்பது – அனுபவப் பகிர்வு

தொடக்கப் பதிவு

வேர்ட்பிரஸ் (இணையதளம் அமைக்கும் மென்பொருள்) கொண்டு தமிழ்த் தளம் தொடங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தீம் நல்லது?" தீம் என்பது தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்பு. டெமோவில் (தீம்காரர் காட்டும் மாதிரித் தளத்தில்) கண்ணைப் பறித்த தீம் தமிழ் எழுத்தைப் போட்டதும் கலைந்துபோவதால்தான் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. தீம் பெயர்களை அடுக்க வேண்டாம், உறவுகளே. பணம் கட்டுவதற்கு முன்பே, வேலையைத் தொடங்குவதற்கு முன்பே எதைச் சோதித்தால் குறை தெரிந்துவிடும் என்பதை மட்டும் எழுதுங்கள்.

எழுத்துரு, பக்க அமைப்பு வேலை செய்பவர்

டெமோ எல்லாமே ஆங்கில எழுத்தையும், நல்ல புகைப்படக்காரர் எடுத்த படங்களையும் வைத்துக் கட்டியவை. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் தீம். ஆகவே முதல் வேலை, ஒரு சோதனைப் பதிவு தயார் செய்வது. இரண்டு வரிக்கு ஓடும் தலைப்பு; அதில் "பல்கலைக்கழகங்களிலிருந்து" போல ஒரு நீளச் சொல். மூன்று பத்தி. ஒரு மேற்கோள், ஒரு பட்டியல், மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை, விளக்கத்தோடு ஒரு படம். "சுற்றுச்சூழல்" போல ஒரு பகுப்புப் பெயர். மெனுவில் ஏழு தலைப்புகள். எழுத்துகளில் ஸ்ரீ, கூ, து, மீ, கௌ, க்ஷூ கட்டாயம் வரட்டும். இதை உலாவியிலேயே ஓடும் வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் என்ற சோதனைக் களத்தில் ஒட்டி, தீமை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) வாங்காமலே ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு தீம் பார்த்துவிடலாம். பக்கத்தை மறுபடி ஏற்றினால் செய்த வேலை போய்விடக்கூடும் என்பதால் பதிவைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கே உடையும் என்று சொல்கிறேன்.

வரி உயரம். ஆங்கிலத் தலைப்புக்குத் தீம்கள் எழுத்தளவைப் போல 1.1 அல்லது 1.2 மடங்கு வைத்திருக்கும். தமிழில் மேலே புள்ளியும் இகர ஈகார வளைவுகளும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் உண்டு. முதல் வரியின் "து" இரண்டாம் வரியின் "மீ"யில் முட்டும். தலைப்புக்கு 1.4, உடல் எழுத்துக்கு (பதிவின் பத்திகளுக்கு) 1.7, அளவு 17 அல்லது 18 பிக்சல் என்று வைத்தால் படிக்க இதமாக இருக்கும். முகப்பில் கட்டம் கட்டமாகப் பதிவுகளைக் காட்டும் தீம்களில் தலைப்புப் பெட்டிக்கு நிலையான உயரம் கொடுத்து, மிஞ்சியதை மறைத்துவிடுவார்கள். அங்கே கடைசி வரியின் கீழ்ச்சுழி பாதியில் வெட்டுப்படும். உயரத்தை மாற்ற இடம் தராத தீமை அப்போதே விட்டுவிடுங்கள்.

எழுத்துரு. பாப்பின்ஸ், இன்டர், ரோபோட்டோ இவற்றில் தமிழ் எழுத்து கிடையாது. பாப்பின்ஸில் தேவநாகரி இருப்பதால் தமிழும் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். ஹிந்த் தேவநாகரிக்கு, தமிழுக்கு ஹிந்த் மதுரை. முக்தா தேவநாகரிக்கு, தமிழுக்கு முக்தா மலர். பலூ 2-க்குப் பதில் பலூ தம்பி 2. தமிழ் இல்லாத எழுத்துருவைத் தீம் கேட்டால், உலாவி அந்தந்தச் சாதனத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளும்: விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ, ஐபோனில் தமிழ் சங்கம். ஒரே பக்கம் மூன்று முகம் காட்டும். "என் கணினியில் சரியாக இருக்கிறதே" என்ற குழப்பம் பெரும்பாலும் இதிலிருந்து வருவதுதான்.

தடிமன். மீரா இனிமை, பவனம் இரண்டும் ஒரே தடிமனில் வருபவை. தலைப்புக்கு 700 (தடித்த எழுத்தின் எண்; சாதாரண எழுத்து 400) கேட்கும் தீமில் அவற்றைப் போட்டால், உலாவி தானாக மை பூசித் தடிக்க வைக்கும், சுழிகள் அடைத்துப்போகும். தடித்த வடிவம் உண்மையிலேயே உள்ள நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், ஹிந்த் மதுரை போன்றவற்றை எடுங்கள்.

சாய்வு. மேற்கோளைச் சாய்வெழுத்தில் காட்டும் தீம்கள் ஏராளம். தமிழில் சாய்வு வடிவம் உள்ள எழுத்துருக்கள் மிகச் சில (திரோ தமிழில் உண்டு). மற்றவற்றில் எழுத்தை இயந்திரம் பிடித்துச் சாய்த்துவிடும். சாய்வை நீக்கி, இடது ஓரக் கோடோ நிறமோ கொடுத்தால் போதும்.

பகுப்புப் பெயர். ஆங்கிலத்தில் 11 பிக்சலில், பெரிய எழுத்தாக மாற்றி, இடைவெளி விட்டு அமைப்பார்கள். தமிழில் பெரிய எழுத்து என்பதே இல்லை. ஆகவே பொடிப்பொடியாக, சிதறிய எழுத்துதான் கிடைக்கும். 14 பிக்சல் ஆக்கி, எழுத்து இடைவெளியைச் சுழியம் ஆக்குங்கள். தலைப்புக்கு எழுத்துகளை நெருக்கும் எதிர்ம இடைவெளி கொடுக்கும் தீம்களும் உண்டு. அதையும் சுழியம் ஆக்கினால்தான் "னை", "ணை" அடுத்த எழுத்தோடு ஒட்டாது.

கைபேசிப் பார்வையைக் கவனிப்பவர்

சகோ சொன்ன நீளச் சொல் சோதனையை 360 பிக்சல் அகலத்தில் செய்யுங்கள். தலைப்பு 32 பிக்சலுக்கு மேல் இருந்தால் அந்தச் சொல் திரையைத் தாண்டி, பக்கமே பக்கவாட்டில் நகர ஆரம்பிக்கும். "ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்ட்" என்ற ஒரு சிஎஸ்எஸ் (தோற்றத்தை அமைக்கும் நிரல்) வரி இதைத் தடுக்கும். ஆனால் சொல் கண்ட இடத்தில் உடையும் என்பதால் தலைப்பை 24–26 பிக்சலுக்குக் குறைப்பதே நல்ல தீர்வு. இருபக்கமும் சமன் செய்யும் அமைப்பைக் கைபேசியில் நிறுத்திவிடுங்கள். தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு நடுவில் ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும்.

மெனுவும் அப்படியே. "ஹோம், அபவுட்" இருந்த இடத்தில் "முகப்பு, எங்களைப் பற்றி, தொடர்புக்கு" வரும்போது 1024 பிக்சல் திரையில் மெனு இரண்டு வரியாக மடிந்து லோகோவின் மேல் ஏறும். எந்த அகலத்தில் மூன்று கோட்டு மெனுவாக மாற வேண்டும் என்பதை நாமே அமைக்க விடும் தீமாகப் பாருங்கள்.

முகப்புச் சுருக்கம் இயல்பாக 55 சொல். தமிழில் 55 சொல் என்றால் கட்டம் கீழே நீண்டுகொண்டே போகும். 25 போதும்.

கேள்வி

பிளாக் தீம் எடுக்கலாமா, பழைய வகை எடுக்கலாமா?

தீம் உருவாக்குபவர்

தளத்தின் எல்லாப் பகுதியையும் எடிட்டரிலேயே துண்டு துண்டாக மாற்ற விடுவது பிளாக் தீம். 2022 ஜனவரியில் வந்த வேர்ட்பிரஸ் 5.9 பதிப்பிலிருந்துதான் அவை முழுமையாக வந்தன. புதிதாகத் தொடங்கும் தளம் என்றால் பிளாக் தீம் எடுங்கள். மேலே சொன்ன வரி உயரம், எழுத்து இடைவெளி எல்லாவற்றையும் எடிட்டரின் ஸ்டைல் பகுதியிலேயே மாற்றலாம். 2024-இல் வந்த 6.5 முதல் எழுத்துரு நூலகமும் உள்ளேயே இருக்கிறது. தமிழ் எழுத்துருவை நம் ஹோஸ்டிங்கிலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று கவனிக்க வேண்டும். எடிட்டரில் ஒரு டெம்பிளேட்டை (பக்கத்தின் அமைப்பு வார்ப்பை) மாற்றினால் அது தரவுத்தளத்தில் சேமிக்கப்படும். தீம் அப்டேட் அதை அழிக்காது, நல்லதுதான். ஆனால் அந்த டெம்பிளேட்டுக்குத் தீம்காரர் செய்யும் திருத்தமும் நமக்கு வராது. அப்டேட் செய்தும் பிழை போகவில்லை என்றால் அந்த டெம்பிளேட்டை மீட்டமைத்துப் பாருங்கள்.

பழைய வகைத் தீமில் கோப்பைத் தொடுவதாக இருந்தால் சைல்டு தீமை (தாய்த் தீமின் மேல் நம் மாற்றங்களை மட்டும் வைக்கும் துணைத் தீமை) முதல் நாளே போடுங்கள். ஒரு ஸ்டைல் கோப்பு, அதன் தலைப்பில் புதுத் தீமின் பெயரும், தாய்த் தீமின் ஃபோல்டர் பெயர் எழுத்துப் பிசகாமலும், அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்துப் போட்டால் தனிப்பயனாக்கியில் (தீமின் அமைப்புகளை மாற்றும் திரையில்) செய்த லோகோ, நிறம், கூடுதல் சிஎஸ்எஸ் எதுவும் வந்து சேராது. அவை தீம் பெயரோடு கட்டிச் சேமிக்கப்படுபவை; சைல்டு தீம் என்பது வேர்ட்பிரஸுக்கு வேறொரு தீம்.

பாதுகாப்பு, பராமரிப்பு வேலை செய்பவர்

அழகை எல்லோரும் பார்த்துவிடுகிறோம். பின்னாளில் வெளியே வர முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். தீமோடு சேர்ந்து வரும் பேஜ் பில்டரில் (பக்கங்களை இழுத்துப் போட்டு அமைக்கும் கருவியில்) பக்கங்களைக் கட்டினால், தீமை மாற்றும் நாளில் அது எழுதிவைத்த சதுர அடைப்புக்குறிக் குறியீடுகள் (ஷார்ட்கோடுகள்) வாசகர் கண்முன் அப்படியே நிற்கும். "எங்கள் நூல்கள்", "நிகழ்ச்சிகள்" போன்ற பதிவு வகைகளைத் தீமே உருவாக்கினால், தீம் போனதும் அவை நிர்வாகப் பக்கத்திலிருந்தே மறைந்துவிடும். தரவு அழியாது, ஆனால் நமக்கு எட்டாது. வேர்ட்பிரஸின் அதிகாரப்பூர்வத் தீம் தொகுப்பில் இத்தகைய வேலைகளைத் தீமுக்குள் வைக்க அனுமதி இல்லை. அங்கிருந்து எடுப்பது பாதுகாப்பு என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடைசியாக எப்போது அப்டேட் ஆனது, உதவிப் பகுதியில் இந்த மாதம் யாராவது பதில் எழுதியிருக்கிறார்களா, இரண்டையும் பாருங்கள்.

கட்டணத் தீமில் "2 ஸ்லைடர், 3 பிளகின் இலவசம்" என்று இருந்தால் மகிழ வேண்டாம். அந்தப் பிளகின்களுக்கு (கூடுதல் வசதி தரும் நிரல்களுக்கு)த் தனி உரிமக் குறியீடு நமக்குக் கிடைக்காது. தீம்காரர் புதுப் பதிப்பைச் சேர்த்து அனுப்பும் வரை பழைய பாதுகாப்பு ஓட்டையோடு காத்திருக்க வேண்டும். 2014 டிசம்பரில் சோக்சோக் என்ற தாக்குதல் பரவியது இப்படித்தான். ஸ்லைடர் ரெவல்யூஷன் என்ற, படங்களை நகர்த்திக் காட்டும் பிளகினின் பழைய பதிப்பு தீம்களுக்குள் பொதிந்து கிடந்தது. தங்கள் தளத்தில் அது இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

கட்டணத் தீம் "இலவசமாக" கிடைக்கும் தளங்களின் பக்கமே போகாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். டபிள்யூபி-விசிடி என்ற தீநிரல் அந்த வழியாகத்தான் பரவியது. தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் (அதன் முக்கிய நிரல் கோப்பில்) நுழைந்து, அதே ஹோஸ்டிங்கில் உள்ள மற்றத் தீம்களுக்கும் தளங்களுக்கும் தாவும். ஒன்றைச் சுத்தம் செய்தால் இன்னொன்றிலிருந்து திரும்ப வரும்.

மொழிபெயர்ப்புக் குழுவில் இருப்பவர்

தளத்தின் மொழியைத் தமிழாக்கிய பிறகும் "ரீட் மோர்", "லீவ் எ கமென்ட்" ஆங்கிலத்திலேயே நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம். மொழிபெயர்ப்பு இன்னும் இல்லை. அதை லோகோ டிரான்ஸ்லேட் என்ற மொழிபெயர்ப்புப் பிளகின் கொண்டு அரை நாளில் முடிக்கலாம். அல்லது தீம்காரர் அந்தச் சொல்லை நிரலில் நேரடியாக எழுதிவிட்டார். அப்படியானால் லோகோவின் பட்டியலில் அந்தச் சொல்லே வராது. வாங்கும் முன் லாங்குவேஜஸ் ஃபோல்டரில் பிஓடி கோப்பு (மொழிபெயர்க்க வேண்டிய சொற்களின் பட்டியல்) இருக்கிறதா என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பைத் தீம் ஃபோல்டருக்குள் சேமிக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் போய்விடும். லோகோ காட்டும் தனி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இலங்கைத் தளமானால் தமிழ் (இலங்கை) என்ற மொழி தனியே இருக்கிறது. அதற்கெனத் தனிக் கோப்பு வேண்டும்.

கைபேசிப் பார்வையைக் கவனிப்பவர்

வேகத்தை விட்டுவிட்டேன். டெமோவுக்குக் கூகுளின் பேஜ்ஸ்பீடு சோதனை தரும் வேக எண்ணை நம்ப வேண்டாம். அது நல்ல சர்வரில், கேஷ் (தயாராகச் சேமித்த நகல்) போட்டு ஓடுவது. உங்கள் ஹோஸ்டிங்கில் பிளகின் எதுவும் இல்லாமல், தீமும் சோதனைப் பதிவும் மட்டும் வைத்துக் கைபேசிப் பிரிவில் அளந்து பாருங்கள். பெரிய உள்ளடக்கம் தெரிய 2.5 நொடி, தளம்பல் (பக்கம் ஏறும்போது எழுத்தும் படமும் இடம் மாறும் அளவு) 0.1, தொட்டதற்குப் பதில் 200 மில்லி நொடி. இவற்றுக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது எண் உண்மையான வாசகர் வருகையிலிருந்து வருவது, புதுத் தளத்தில் காட்டாது. தளம்பல் மட்டும் அதிகமானால் எழுத்துருவைப் பாருங்கள். சாதனத்தின் எழுத்துரு முதலில் தெரிந்து, பின் நம்முடையது வந்து சேரும்போது அகலம் மாறி வரிகள் கீழே இறங்கும். 400, 700 என்று இரண்டே தடிமன், டபிள்யூஓஎஃப்எஃப்2 என்ற சுருக்கிய கோப்பு வடிவில், உடல் எழுத்துருவை மட்டும் முன்கூட்டியே ஏற்றும்படி (ப்ரீலோட்) அமையுங்கள். எழுத்துருவை நம் இடத்தில் வைக்கும் பிளகின் போட்டால் லத்தீன் (ஆங்கில எழுத்து) பிரிவை மட்டும் இறக்கியிருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்ப் பிரிவையும் டிக் செய்ய வேண்டும்.

தீம் உருவாக்குபவர்

ஏற்கெனவே ஓடும் தளத்தில் மாற்றுகிறவர்களுக்கு: முழு பேக்கப், நகல் தளத்தில் புதுத் தீம், கூடுதல் சிஎஸ்எஸ்ஸையும், தலைப்பகுதியில் ஒட்டிய, வருகையைக் கணக்கிடும் அனலிட்டிக்ஸ் நிரலையும் தனிக் கோப்பில் எடுத்து வையுங்கள். மாற்றிய பின் மெனுவை அதன் இடத்தில் பொருத்தி, செயல்படா விட்ஜெட் (பக்கப்பட்டியில் வைக்கும் சிறு பெட்டிகள்) பகுதியில் ஒதுங்கியவற்றைத் திரும்ப எடுத்து, சிறுபடங்களை மறுபடி உருவாக்குங்கள். சிறுபடத்தை விட்டால் பழைய அளவுப் படங்கள் புதுக் கட்டத்தில் மங்கலாகத் தெரியும். பழைய தீமை ஒரு மாதம் கழித்து நீக்குங்கள்.