ஒரு தாளில் விற்பனைத் திட்டம்: கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் தொழில் செய்பவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணம் பலகாரம்:

பி.எம்.இ.ஜி.பி., அதாவது புதுத் தொழில் தொடங்க மத்திய அரசு மானியத்தோடு கிடைக்கும் கடனுக்காக வங்கிப் படி ஏறியவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். வீட்டிலேயே நிப்பட்டும் முறுக்கும் போட்டு விற்றுக்கொண்டிருந்தோம், ஊருக்கு வெளியே ஒரு ஷெட் பிடித்துக் கொஞ்சம் பெரிதாகச் செய்யலாம் என்று விண்ணப்பித்தோம். (கிராமப்புறத்தில் பெண்கள் தொடங்கினால் 35 சதவீதம் மானியம், அதனால் விண்ணப்பம் என் பேரில்.) காசு வாங்கிக்கொண்டு திட்ட அறிக்கை எழுதிக் கொடுத்தவர், விற்பனை வாய்ப்பு என்ற இடத்தில் 'சந்தையில் நல்ல தேவை உள்ளது' என்று ஒரு வரி போட்டிருந்தார். அந்த வரி பாக்குமட்டைத் தட்டுக்கும் பொருந்தும், ஹாலோபிளாக்குக்கும் பொருந்தும். மேலாளர் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "தினம் 30 கிலோ போடுவேன்னு எழுதியிருக்கீங்க. அந்த 30 கிலோவையும் யாரும்மா வாங்கப்போறாங்க? கடை பேரா சொல்லுங்க."

நியாயமான கேள்வி. அன்று ராத்திரி பையனின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தேன். யார் வாங்குவார்கள் என்று எழுதப்போனால் மூன்று கூட்டம் வந்தது: டீக்கடை, பெட்டிக்கடைக்காரர்கள்; கல்யாணத்துக்குச் சீர்ப் பலகாரம் கேட்பவர்கள்; வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்து ஞாயிறு சாயங்காலம் திரும்புகிறவர்கள். மூவருக்கும் ஒரே மாதிரி விற்க முடியாது. டீக்கடைக்கு 10 ரூபாய்ப் பாக்கெட் வேண்டும், அதில் கடைக்காரருக்கு 2 ரூபாயாவது நிற்க வேண்டும், பணம் அடுத்த முறை சரக்கு போடப் போகும்போதுதான் கைக்கு வரும், நொறுங்கினது நம் தலையில். கல்யாண ஆர்டருக்கு முன்பணம் உண்டு, ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றும் இருக்காது. பெங்களூர்க்காரர்கள் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று ரொக்கமாகவே வாங்குவார்கள், ஆனால் பாக்கெட்டைத் திருப்பி எடை, விலை, தயாரித்த தேதி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அப்புறம் மாதக் காலண்டரை எடுத்தேன். என்னைக் கேட்டால் திட்டத்தில் உருப்படியான பகுதி இதுதான். நம் பக்கம் யார் கையில் எப்போது காசு புழங்குகிறது என்று மாதாமாதம் எழுதிப் பாருங்கள். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் சம்பளம் வந்த முதல் பத்து நாள். மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு வைகாசி, ஆனி, அதாவது பெங்களூரா மாங்காய் கூழ் ஆலைக்குப் போகும் சமயம். விலை விழுந்த வருஷம் என்றால் அதுவும் இல்லை. ஆடி 18க்கு ஒகேனக்கல் கூட்டம், பிறகு தீபாவளி போனஸ். ஆடியில் கல்யாண ஆர்டர் இல்லை என்பதால் அந்த மாதம் முழுக்கப் புதுக் கடைகளுக்குச் சாம்பிள் கொடுக்கப் போவது, ஆவணி பிறந்ததும் கடைகளைத் தம்பியிடம் விட்டுவிட்டு மண்டபத்துச் சமையல்காரர்களைப் போய்ப் பார்ப்பது என்று எழுதிக்கொண்டேன். செலவு மாதம் 3,000 ரூபாய், அதுவும் சாம்பிள் பாக்கெட்டுக்கு மட்டும். பின்பக்கத்தில் வாங்க ஒத்துக்கொண்ட கடைகளின் பேர், யார் யாருக்கு வாரம் எவ்வளவு என்று எழுதிக் கூட்டினால் தினத்துக்கு 18 கிலோதான் வந்தது. அதையே கொண்டுபோய்க் கொடுத்தேன். "அப்ப சின்ன மிஷினே போதுமே, கடனையும் குறைச்சுக்கலாம்" என்றார். குறைத்துத்தான் வாங்கினோம், தவணை கட்ட மூச்சு முட்டவில்லை.

பர்கூர் ஜவுளி:

அக்கா, நீங்கள் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. போட்ட காசு வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் கடையில் பில் போடும் பையன் ஒவ்வொருவரிடமும் "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டு நோட்டில் கோடு போடுவான். பிளெக்ஸ், லோக்கல் கேபிளில் ஓடும் வரி, பேப்பருக்குள் வைக்கும் பிட் நோட்டீஸ், தெரிந்தவர் சொன்னது, இப்படி ஆளுக்கொரு கட்டம். மாதக் கடைசியில் பார்த்தால் அதிகம் செலவு வைத்த பிளெக்ஸ் கட்டத்தில் கோடுகளே சொற்பம். 'டெய்லர் அக்கா அனுப்பினாங்க' என்ற கட்டம்தான் இடம் போதாமல் ஓரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. பர்கூரில் இத்தனை ஜவுளிக்கடை இருக்க, பிளவுசுக்கு எந்தக் கடையில் துணி எடுப்பது என்று முடிவு செய்வது தையல்காரர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது பிளெக்ஸ் காசில் பாதி, டெய்லர்களுக்கு லைனிங் துணியிலும் நூல்கண்டிலும் விலை குறைத்துக் கொடுப்பதற்குப் போகிறது.

தருமபுரி டவுன்:

சரக்கு நல்லா இருந்தா தானா விக்கும். எங்கப்பா எந்தத் தாளில் எழுதினார்?

பாலக்கோடு மரச்செக்கு:

உங்கப்பாவுக்கு மனசுக்குள்ளேயே எழுதியிருந்திருக்கும் சார், யார் வீட்டில் எப்போது விசேஷம் என்று தெரியாமலா கடை நடத்தியிருப்பார்?

எங்கள் கதை வாட்ஸ்அப். பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு எண்ணெய் விலையை அனுப்பினால் பாதிப் பேருக்குப் போய்ச் சேரவே இல்லை. காரணம் என்னவென்றால், நம் எண்ணை அவர்கள் போனில் சேமித்திருந்தால்தான் அந்தச் செய்தி அவர்களுக்குப் போகும், ஒரு லிஸ்டில் 256 பேர்தான் உச்சம். அதனால் கடையிலேயே, கேனில் எண்ணெய் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், "எங்க நம்பரை சேவ் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிடுகிறோம், சும்மா நிற்கிறவர்கள் மறுப்பதில்லை. இன்னொன்று, இரண்டு லிட்டர் கடலை எண்ணெய் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை நாள் வருகிறது என்பது இரண்டு மூன்று முறை வாங்கினால் பில் தேதியிலேயே தெரிந்துவிடும். தீர்ந்துபோவதற்கு ஒரு நாலு நாள் முன்னால் அந்த வீட்டுக்கு மட்டும் ஒரு போன். எல்லாருக்கும் தினம் குட்மார்னிங் அனுப்புவதைவிட இது மேல், அவர்களும் பிளாக் பண்ணுவதில்லை.

ஓசூர் பேக்கரி:

எங்கள் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நோட்டீஸைத் தமிழில் மட்டும் அடிக்காதீர்கள். தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு, சிப்காட் பக்கம் போனால் இந்திக்காரப் பையன்கள். நாங்கள் எழுத்தைக் குறைத்து கேக் படம், விலை, போன் நம்பர் மூன்றை மட்டும் பெரிதாகப் போட்டோம். அக்கா, போச்சம்பள்ளிச் சந்தையில் நீங்கள் கடை போடுவதுண்டா? நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காவேரிப்பட்டணம் பலகாரம்:

ஞாயிற்றுக்கிழமை போடுகிறோம் தம்பி. அங்கே பாக்கெட் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், யாரும் சீண்ட மாட்டார்கள். கண்ணெதிரே தராசில் நிறுத்துக் கொடுக்க வேண்டும், வாயில் போட்டுப் பார்க்க ஒன்று சும்மா கொடுக்க வேண்டும். ஆடு, மாடு விற்று முடித்துக் காசோடு வீட்டுக்குத் திரும்புகிற வழியில் இடம் பிடித்தால் பன், ரொட்டி எல்லாம் நன்றாகவே போகும். கேக்கை மட்டும் விட்டுவிடுங்கள், வெயிலில் கிரீம் நிற்காது.