ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் நாடுகள்: வெளி வல்லரசுகள் எந்த வழியாக உள்ளே வருகின்றன?

(மூவர் உரையாடல்: திசைகாட்டி கேட்கிறார்; ஆற்றுப்படை, கணக்கன் இருவரும் பதில் சொல்கிறார்கள்.)

கேள்வி (திசைகாட்டி)
மால்டோவா, மாண்டினீக்ரோ, செர்பியா பற்றிப் பேசினாலே ரஷ்யச் செல்வாக்கு, சீனச் செல்வாக்கு என்கிறார்கள். நடைமுறையில் அது எப்படி வேலை செய்கிறது? கடனா, எரிவாயுவா, பிரசாரமா?

ஆற்றுப்படை
நாட்டுக்கு நாடு வேறு. மால்டோவாவில் முதலில் வந்தது இறக்குமதித் தடை. 2006-லும் 2013 செப்டம்பரிலும் ரஷ்யா அந்நாட்டு ஒயினை நிறுத்தியது. தரம் சரியில்லை என்பது சொன்ன காரணம். ஆனால் இரண்டாவது தடை வந்தது, மால்டோவா ஐரோப்பிய ஒன்றியத்தோடு நெருங்கும் ஒப்பந்தத்துக்கு முதற்கையெழுத்திட்ட வில்னியஸ் மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்பு! மால்டோவா ஒயின் ஐரோப்பியச் சந்தையின் பக்கம் திரும்பியதும் அந்த ஆயுதம் மழுங்கிவிட்டது.

அடுத்தது நமக்குப் பழக்கமானதுதான்: ஓட்டுக்குப் பணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதை அரசியலமைப்பில் இலக்காக எழுதலாமா என்று கேட்ட 2024 அக்டோபர் 20 பொதுவாக்கெடுப்புக்கு முன், ரஷ்ய வங்கி ஒன்றின் வழியாக 1,30,000 பேருக்கு மேல் பணம் போனதாக மால்டோவா காவல்துறை சொன்னது. 'ஆம்' வென்றது 50.35 சதவீதத்தில். உள்நாட்டு ஓட்டு மட்டும் என்றால் தோற்றிருக்கும். கரையேற்றியது வெளிநாடுவாழ் மால்டோவர்கள்.

கணக்கன்
மாண்டினீக்ரோவில் கடன். 2014-ல் சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கி நெடுஞ்சாலைக்குக் கொடுத்தது 94.4 கோடி டாலர். 2% வட்டி, 20 ஆண்டு. கட்டியது 41 கி.மீ. வட்டி மலிவுதான். ஆனால் நாட்டில் புழங்குவது யூரோ, கடனோ டாலரில். டாலர் ஏறினால் சுமையும் ஏறும். 2021-ல் மேற்கத்திய வங்கிகளுடன் நாணயப் பரிமாற்ற ஒப்பந்தம் (டாலர் கடனை யூரோ கணக்குக்கு மாற்றுவது) போட்டு அதைச் சமாளித்தார்கள். இதைக் 'கடன் பொறி' (கட்ட முடியாத கடனில் சிக்கவைத்துப் பிடிக்குள் கொண்டுவருவது) என்பது மிகை. எனக்கு உறுத்துவது, தகராறு வந்தால் பெய்ஜிங்கில் தீர்ப்பு என்ற விதி. இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் தொகையைவிட நாணயம், ஈடு, நடுவர் மன்றம் மூன்றையும் முதலில் பாருங்கள்.

திசைகாட்டி
செர்பியா?

ஆற்றுப்படை
அங்கே எண்ணெய். 2008-ல் செர்பிய எண்ணெய் நிறுவனமான என்ஐஎஸ்ஸின் 51% பங்கை ரஷ்யாவின் காஸ்ப்ரோம் நெஃப்ட் 40 கோடி யூரோவுக்கு வாங்கியது. இன்னொரு பக்கம், ஒன்றியத்தில் சேர்வதற்கான பேச்சுவார்த்தையில் வெளியுறவுக் கொள்கைக்கான 31-ஆம் அத்தியாயம், ரஷ்யா மீது ஒன்றியம் விதித்த தடைகளோடு ஒத்துப்போகச் சொல்கிறது, செர்பியா மறுக்கிறது.

கணக்கன்
ஒன்று விட்டுப்போனது. இந்த அத்தியாயங்களைத் தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள்; பேச்சுவார்த்தைத் தொகுதி ஒவ்வொன்றையும் திறக்க ஒன்றியத்தின் 27 உறுப்பு நாடுகளும் இசைய வேண்டும். ஆகவே வேட்பாளர் நாட்டை, அதாவது சேரக் காத்திருக்கும் நாட்டை, வளைக்கத் தேவையில்லை. ஒன்றியத்துக்கு உள்ளே ஒரு அரசு முரண்டுபிடித்தால் போதும். 2024 ஜூனில் உக்ரைனுடன் பேச்சு தொடங்கியும், ஹங்கேரி மறுத்ததால் 2025 முழுக்க ஒரு தொகுதிகூடத் திறக்கவில்லை. உக்ரைனோடு சேர்த்தே நகர்த்தப்பட்ட மால்டோவாவும் அதனால் நின்றது. எல்லாவற்றையும் மாஸ்கோ தலையிலும் கட்ட முடியாது: 2005-லேயே வேட்பாளரான வட மாசிடோனியாவை மறித்தவை கிரீஸ், பிரான்ஸ், பல்கேரியா.