வால்பாறை 40 வளைவு: 5 மாதக் கைக்குழந்தை, இரண்டே முக்கால் வயதுப் பையன், எப்படிக் கூட்டிப் போவது?

கோபி அம்மா

வணக்கமுங்க. வருகிற ஞாயிறு வால்பாறையில் நாத்தனார் மகளுக்குச் சீர். என் வீட்டுக்காரர்தான் தாய்மாமன். சீர்த்தட்டோடு அவர் போய் நிற்காமல் அங்கே எதுவும் நடக்காது. அதனால் போகலாமா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. எப்படிப் போவது என்பதுதான் கவலை.

பெரியவனுக்கு இரண்டே முக்கால் வயது. சின்னவளுக்கு 5 மாதம், 7 கிலோ இருக்கிறாள், தாய்ப்பால் மட்டும்தான். சின்ன கார். வீட்டுக்காரர் ஓட்டுவார், அத்தையும் கூட வருகிறார்கள். கோபியிலிருந்து குன்னத்தூர், திருப்பூர், பல்லடம், பொள்ளாச்சி என்று போய் ஆழியாறு தாண்டி மலை ஏற வேண்டும். எப்படியும் 170 கிலோமீட்டர் வரும்.

போன மாதம் கோத்தகிரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பையன் மூன்று தடவை வாந்தி எடுத்தான். அவன் அழ, அதைப் பார்த்துப் பாப்பா அழ, நான் முன் சீட்டில் உட்கார்ந்து ஓடுகிற காரிலேயே அவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் எதிரே பஸ் வந்துவிட்டது. அவர் சட்டென்று பிரேக் அடித்தார். பாப்பாவின் தலை டேஷ்போர்டில் படுவதற்குள் என் புறங்கை நடுவில் போய்விட்டது. கை இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது. அந்தக் கை போகாமல் இருந்திருந்தால் என்று ராத்திரி பால் கொடுக்கும்போதெல்லாம் நினைப்பு வருகிறது.

இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. பாப்பாவை எப்படி உட்கார வைப்பது, பையனின் வாந்திக்கு என்ன செய்வது, எங்கெங்கே நிறுத்துவது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தாராபுரம் அம்மிச்சி

கண்ணு, பயப்படாதே. நாங்கள் நாலு பிள்ளைகளைப் பஸ்ஸிலேயே பழனிக்கும் ஊட்டிக்கும் தூக்கிக்கொண்டு போனவர்கள்தான். வெள்ளெனக் கிளம்பிவிடு, நாலரை மணிக்குக் கிளம்பினால் இரண்டும் பொள்ளாச்சி வரை தூங்கும். பையனுக்குக் கிளம்பும்போது எதுவும் கொடுக்காதே. பொள்ளாச்சியில் ஒரு இட்லி, அதுவும் சர்க்கரை தொட்டு. எண்ணெய்ப் பலகாரம், முறுக்கு, பால் எதுவும் மலைக்கு முன்னால் வேண்டாம். ஒரு எலுமிச்சம்பழம் கையில் கொடு, மோந்துகொண்டே வரட்டும். பாப்பாவுக்குப் பின் சீட்டுக் கைப்பிடி இரண்டிலும் பழைய சேலையைக் கட்டித் தூளி போட்டுவிடு. என் பேத்தி அப்படித்தான் தூங்கிக்கொண்டே வந்தாள்.

கோவை, குழந்தைகள் வார்டு செவிலி

அம்மா சொன்ன நேரமும் இட்லியும் சரி. தூளி மட்டும் வேண்டாம் அம்மா, மன்னிக்கணும். நிற்கிற காரில் கட்டுங்கள், ஓடுகிற காரில் கட்டாதீர்கள். பிரேக் அடித்தால் தூளி முன்னால் வீசும், உள்ளே இருக்கும் குழந்தையைப் பிடித்துவைக்க அதில் எதுவும் இல்லை.

கோபி அம்மா, உங்கள் கை அன்றைக்குத் தடுத்தது, ஏனென்றால் கார் மலையில் மெதுவாகப் போனது. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிற கார் எதிலாவது மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றது என்று வையுங்கள். 7 கிலோ பாப்பா அந்த நேரத்துக்கு 100 கிலோ மூட்டையாகிவிடும். எந்த அம்மாவின் கையும் அதைப் பிடிக்காது. பாசம் குறைவு என்று அர்த்தமில்லை, உடம்பில் அந்த பலம் கிடையாது, அவ்வளவுதான். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்திலும் 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லையென்றால் 1000 ரூபாய் அபராதம் உண்டு.

பாப்பாவுக்குப் பின்பக்கம் பார்த்த மாதிரி மாட்டும் குழந்தை இருக்கை ஒன்று எப்பாடு பட்டாவது ஏற்பாடு செய்யுங்கள். முன் சீட்டில் ஏர்பேக் இருந்தால் அதை அங்கே மாட்டவே கூடாது, பின் சீட்டில்தான். இரவல் வாங்கினால் அது விபத்தில் சிக்காத இருக்கையா என்று கேளுங்கள். அடியில் காலாவதித் தேதி அச்சடித்திருக்கும், பாருங்கள். பட்டையை மாட்டியபின் தோளருகே இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், கிள்ள வந்தால் இன்னும் தளர்வு என்று அர்த்தம். தாடை நெஞ்சில் இடிக்கிற மாதிரி தலை தொங்கக் கூடாது, மூச்சுக்குழாய் அடைபடும். அதனால் யாராவது ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே வரணும்.

மேலே குளிருமே என்று ஸ்வெட்டர் போட்டுப் பட்டையை மாட்டுவார்கள், அது வேண்டாம். பஞ்சு அமுங்கிப் பட்டை தளர்ந்துபோகும். சாதாரணச் சட்டையோடு மாட்டிவிட்டு, மேலே போர்வை போர்த்துங்கள்.

உடுமலைக்காரர்

எங்களுக்கும் இரண்டு பிள்ளைகள், சின்ன கார்தான், நாங்கள் உட்கார்ந்த விதத்தைச் சொல்கிறேன். ஓட்டுநருக்குப் பின்னால் பெரியவன் இருக்கை. இடது பக்கம் பாப்பா இருக்கை. நடுவில் அம்மா. இடுப்பு கொஞ்சம் நெருக்கும், ஆனால் இரண்டு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். நடுவில் பெல்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாப்பா இருக்கை பின்னால் நிறைய இடம் பிடிக்கும், முன் சீட்டை நகர்த்த வேண்டிவரும், அதனால் உங்கள் அத்தையை அங்கே உட்கார வையுங்கள். சீர்த்தட்டு, பழக்கூடை எல்லாம் டிக்கியில்தான். பின் கண்ணாடி அருகே தேங்காய் ஒன்று வைத்தால்கூடப் பிரேக்கில் அது பிள்ளைகள் தலைக்குத்தான் வரும்.

பெரியவனுக்கு போன் காட்டாதீர்கள். கார் திரும்புவது காதுக்குள் தெரிகிறது, கண் மட்டும் அசையாத திரையைப் பார்க்கிறது, இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டுகிறது. இரண்டு வயதுக்கு மேல்தான் இது அதிகம். உங்கள் பாப்பாவுக்கு வராததும் அவனுக்கு வருவதும் அதனால்தான். இருக்கையைக் கொஞ்சம் உயரமாக வைத்து, முன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்க்க வையுங்கள். நாங்கள் வளைவு எண்ணும் விளையாட்டு விளையாடுவோம். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும்.

கோபி அம்மா

ஏனுங்க, வாந்தி மாத்திரை கொடுக்கலாமா? கடையில் கேட்டால் பாதி கொடுங்கள் என்கிறார்கள்.

கோவை, குழந்தைகள் வார்டு செவிலி

கடைக்காரர் சொல்லிக் கொடுக்காதீர்கள். ப்ரோமெத்தசின் உள்ள மாத்திரையை இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாது, மூச்சு குறைந்துவிடும். உங்கள் பையன் இரண்டு தாண்டிவிட்டான், ஆனாலும் எடைக்கு ஏற்ற அளவை உங்கள் குழந்தை மருத்துவர்தான் சொல்லணும். வாந்தி எடுத்தால் உடனே டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுக்காமல், பத்து நிமிடம் விட்டு ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். பாப்பாவுக்குத் தண்ணீர்கூட வேண்டாம், தாய்ப்பால் போதும். ஓடும்போது பால் கொடுப்பது இனி கிடையாது என்று நீங்களும் வீட்டுக்காரரும் இப்போதே பேசி வையுங்கள். பசித்து அழுதால் வண்டி நிற்கணும்.

ஆனைமலை ஓட்டுநர்

பொள்ளாச்சி–வால்பாறை 64 கிலோமீட்டர், தினமும் ஓட்டுகிற ரோடு. ஆழியாறில் கால் மணி நேரம் நிறுத்தி, பாப்பாவுக்குப் பால், பையனுக்கு ஒன்றுக்கு, எல்லாம் முடித்துவிட்டு ஏறுங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பாட்டை மறைத்து வையுங்கள், குரங்கு பிடுங்கிவிடும். 2025 நவம்பரிலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள், வீட்டிலேயே எடுத்து வந்துவிடுங்கள். செக்போஸ்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போனில் தேட வேண்டாம்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. வண்டி நிறுத்த இடம் இருக்கும், ஆழியாறு அணை கீழே தெரியும், வரையாடும் நிற்கும். பையனை இறக்கிக் காற்று வாங்க விடுங்கள், கையை மட்டும் விடாதீர்கள். வளைவுக்குள் எங்கேயும் நிறுத்தக் கூடாது. அவன் வாந்தி என்றாலும் அகலமான இடம் வரும் வரை பையில் எடுக்கட்டும். உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: மேலே ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி விடணும், இறங்கும்போது இரண்டாவது கியர், பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக் கூடாது. வளைவைச் சீராகத் திருப்பினாலே பாதி வாந்தி நின்றுவிடும். கவர்க்கல் பக்கம் மூடுபனி இறங்கும். பொழுது இறங்கியபின் யானை நடமாட்டம். மதியத்துக்குள் ஏறி, மதியத்துக்குள் இறங்கப் பாருங்கள்.

கோபி அம்மா

நேற்று பொழுதோட வந்து சேர்ந்தோம். எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இருக்கை பெருந்துறையில் சின்ன மாமனார் வீட்டுப் பரணில் இருந்தது. தேதி பார்த்தோம், இன்னும் நாலு வருடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வாசலில் காரை நிறுத்தி மாட்டிப் பழகினோம். அத்தைக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பச்சைப் பிள்ளையைக் கட்டிப் போடுவதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் எதுவும் பேசவில்லை, கோத்தகிரியில் வீங்கின கையை மட்டும் காட்டினேன். அப்புறம் அவர்களே போர்வை மடித்துக் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை நாலரைக்குக் கிளம்பினோம். பாப்பா பல்லடத்தில் எழுந்து அழுதாள், ரோட்டோரம் ஒரு வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்திப் பால் கொடுத்தேன். இருபது நிமிடம் ஆனது, அவர் ஒரு வார்த்தை அவசரப்படுத்தவில்லை. பொள்ளாச்சியில் இட்லி, ஆழியாறில் மறுபடியும் பால். பையன் வளைவை எண்ணிக்கொண்டே வந்தான். அவனுக்குப் பன்னிரண்டு வரைக்கும்தான் தெரியும், திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். லோம்ஸ் வியூவில் வரையாடு ஒன்று சுவர் மேலேயே நின்றது. அட்டகட்டி தாண்டியபின் ஒரே ஒரு தடவை வாந்தி, பையிலேயே முடிந்தது. பதினொன்றரைக்கு நாத்தனார் வீட்டு வாசல்.

இறங்கும்போது பாப்பா காதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அட்டகட்டியில் நிறுத்திப் பால் கொடுத்ததும் சரியானது. உறிஞ்சினால் காது அடைப்பு விடும் என்று நாத்தனார் கிளம்பும்போதே சொல்லியிருந்தார்கள்.

இருக்கையை அடுத்த வாரம் பெருந்துறைக்குத் திருப்பிக் கொடுக்கணும். எங்களுக்குச் சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறோம். பாப்பா நாலு வயது வரை உட்காரும் மாதிரி, சின்ன காரில் பொருந்துகிற இருக்கையாக யாராவது வைத்திருந்தால் அதன் அகலம் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து சொல்லுங்கள். எங்கள் பின் சீட்டை அளந்துவிட்டேன், ஓரத்திலிருந்து ஓரம் 127.