பின்தங்கிய கழகத்துக்கு மேலதிக வீரர்: மெல்பேர்ணில் பலிக்காதது எங்கள் பிரதேசத்தில் பலிக்குமா?

ஒட்டுசுட்டான் பயிற்றுநர்:

வணக்கம் உறவுகளே.

எங்கள் பக்கத்து உதைபந்தாட்டப் போட்டிகளை நடத்துபவர்கள் வரும் பருவத்துக்கு ஒரு புதிய விதியைக் கொண்டுவர யோசிக்கிறார்கள். சென்ற முறை கடைசி இரண்டு இடங்களில் நின்ற கழகங்கள், ஏனைய கழகங்களில் பதிவான பத்தொன்பது வயதுக்குட்பட்ட பையன்களில் தலா இருவரைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளலாமாம். பையனிடமும் கேட்கத் தேவையில்லை, அவனை வளர்த்த கழகத்திடமும் கேட்கத் தேவையில்லை. விழுந்து கிடப்பவர்களைத் தூக்கிவிட வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்த நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. வழிதான் பிழை என்கிறேன். அடுத்த மாதம் கூட்டம் இருக்கிறது. அதற்கு முன் உங்கள் எண்ணத்தை அறிய வேண்டும்.

இதே கூத்தை நான் வேறொரு விளையாட்டில் ஆண்டுக்கணக்காகப் பார்த்து மனம் வெந்தவன். அக்கா குடும்பம் மெல்பேர்ண் பக்கத்து டண்டினோங்கில் இருக்கிறது. அத்தான் அங்கே செயின்ட் கில்டா என்ற கழகத்தின் ஆதரவாளர். அவர் வழியாக எனக்கும் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. நீள்வட்டப் பந்தைக் காலாலும் கையாலும் கொண்டுபோகும் அந்த ஆட்டம் இங்கே பலருக்குப் புதிது. சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிபோல, அங்கே பிற்பகல் ஆட்டம் தொடங்கும்போது, நான் கைத்தொலைபேசியும் கையுமாக இருப்பேன். செயின்ட் கில்டா தன் வரலாற்றில் வென்ற ஒரே கோப்பை 1966இல், அதுவும் ஒற்றைப் புள்ளியால். 2010இல் இறுதியாட்டம் சமநிலையில் முடிந்து, மறு ஆட்டத்தில் தோற்றார்கள். அப்படிப்பட்ட கழகம்.

அந்த ஆட்டத்தின் உயர்நிலை லீக்கில் 18 கழகங்கள். கீழ்ப் பிரிவுக்கு இறக்குவது என்ற வழக்கமே கிடையாது. ஆகவே ஆட்டம் ஒருபக்கமாகச் சாயாமலிருக்க 1986 முதல் டிராப்ட் என்னும் வீரர் தெரிவு நடக்கிறது. பள்ளி முடித்து வரும் பையன்களில் சிறந்தவனைக் கடைசி இடத்துக் கழகம் முதலில் எடுக்கும், அதற்கு முந்திய இடத்துக் கழகம் அடுத்து எடுக்கும். இப்படி எல்லாக் கழகங்களும் ஒரு முறை எடுத்து முடிந்தால் ஒரு சுற்று. இதை நான் மனதார ஏற்கிறேன். என் கோபம் இதற்கு மேலே வைத்துக் கொடுக்கும் சலுகையில்தான். 2005 வரை ஒரு பருவத்தில் ஐந்து ஆட்டங்களுக்கு மேல் வெல்லாத கழகத்துக்கு முதல் சுற்றுக்கும் முன்னால் ஒரு மேலதிகத் தெரிவு கிடைத்தது. பின்னர் விதியை இறுக்கினார்கள். 2012 முதல் லீக்கின் ஆணையம் தன் விருப்பப்படி முடிவு செய்கிறது.

இதன் விளைவைப் பாருங்கள். கொலிங்வூட் 2002இலும் 2003இலும் இறுதியாட்டம் ஆடிய, பணமும் கூட்டமும் உள்ள கழகம். 2005இல் ஒரு மோசமான பருவம் வந்தது. உடனே இரண்டாவது தெரிவாக டேல் தோமஸ், ஐந்தாவதாக ஸ்கொட் பெண்டில்பரி. கார்ல்டன் 2005, 2006, 2007 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முதல் தெரிவைப் பெற்றது. ஆனால் அவர்கள் கடைசியாகக் கோப்பை வென்றது 1995இல்! கோல்ட் கோஸ்டுக்கு 2019இல் முதல் இரண்டு தெரிவுகளும் போயின: மட் ரோவெல், நோவா அன்டர்சன். அது போதாதென்று அவர்களுடைய சொந்தப் பயிற்சிக் கூடத்துப் பையன்களைத் தனியே எடுத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. 2023இல் அந்த வழியில் நால்வரை எடுத்தார்கள். இடையில் செருகப்படும் ஒவ்வொரு தெரிவுக்கும் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் ஒரு படி கீழே இறங்க வேண்டும். கடைசியாகவும் வராமல், முதலிடத்துக்கும் போகாமல் நடுவில் நின்று மாரடிக்கும் செயின்ட் கில்டா போன்றவர்கள்தான் இந்த உதவிக்கெல்லாம் விலை கொடுக்கிறார்கள்.

எங்கள் கழகமும் இங்கே நடுவில் நிற்பது. பத்து வயதில் பந்தைப் பார்த்துப் பயந்த ஒரு பையனை மாலைதோறும் மைதானத்தில் நின்று பழக்கினோம். இன்று அவன் பந்தை நிறுத்தித் திரும்பினால் எதிரணிப் பின்வரிசை கலங்குகிறது. அவனை ஒரு கையொப்பத்தில் வேறு ஊருக்கு எழுதிக் கொடு என்றால் எப்படி? அடுத்த தலைமுறைப் பையன்களுக்கு மாலையில் போய் நிற்க எவருக்கு மனம் வரும்?

அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

---

முள்ளியவளை மகள்:

தம்பி, நான் திருமணமாகி மெல்பேர்ணுக்கு வந்தவள். என் கழகம் நோர்த் மெல்பேர்ண். நீங்கள் திட்டும் அதே கழகங்களில் ஒன்று. ஆகவே மறுபக்கத்தையும் கேளுங்கள்.

2021இலும் 2022இலும் நாங்கள் கடைசி. 2021இல் முதல் தெரிவாக எடுத்த ஜேசன் ஹோர்ன்-பிரான்சிஸ் ஒரே பருவம் ஆடிவிட்டுப் போர்ட் அடிலெய்டுக்குப் போய்விட்டார். அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. 2023 முடிவில் லீக் எங்களுக்கு முதல் சுற்றின் இறுதியில் மேலதிகத் தெரிவுகளைக் கொடுத்தது. எங்கள் வீரர் பென் மக்கே எசண்டன் கழகத்துக்குப் போனதற்கு ஈடாக மூன்றாவது தெரிவும் கிடைத்தது. அலுவலகத்தில் மற்றக் கழகத்துக்காரர்கள் என்னிடமே சண்டைக்கு வந்தார்கள், நான் என்னவோ களவெடுத்ததுபோல.

சரி, பலன்? 2024இல் 18 கழகங்களில் 17ஆம் இடம். 2025இல் 16ஆம் இடம். ஹரி ஷீசல் போன்ற கெட்டிக்காரப் பிள்ளைகள் எங்களிடம் உண்டு. தன் முதல் பருவத்திலேயே கழகத்தின் சிறந்த வீரர் விருதை வென்றவர் அவர். ஆனால் களத்தில் எல்லோரும் பிள்ளைகள். நாற்பது புள்ளிகள் பின்தங்கும்போது "பொறு, பந்தை மெதுவாக்கு" என்று பக்கத்தில் நின்று சொல்ல முப்பது வயதுக்காரர் போதவில்லை. பிள்ளைகள் தோற்றுத் தோற்றுத் தோல்வியையே பழகிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய துக்கம்.

இன்னொன்று. 2000ஆம் ஆண்டில் முதல் இரண்டு தெரிவுகளும் உங்கள் செயின்ட் கில்டாவுக்குத்தான் கிடைத்தன: நிக் ரீவோல்ட், ஜஸ்டின் கொஷிட்ஸ்கி. அத்தானிடம் கேட்டுப் பாருங்கள்.

---

துணுக்காய்ச் செயலாளர்:

ஐயா, நீங்கள் சொல்லும் அந்தக் கடைசி இரண்டு இடங்களில் ஒன்று எங்கள் கழகமாக இருக்கலாம். வேறு பிரதேசம் என்றாலும் நிலைமை ஒன்றுதான். உங்கள் எழுத்தில் எங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நாங்கள் ஏன் தோற்கிறோம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

எங்கள் பந்துக் காப்பாளர் கட்டாருக்குப் போய்விட்டார். நடுக்களத்தில் ஆடியவர் மேசன் வேலைக்கு வவுனியா போகிறார், இரவு கடைசி பஸ்ஸில்தான் திரும்புவார். அறுவடைக் காலத்தில் பயிற்சிக்கு ஐந்து பேர் வந்தால் பெரிய விடயம். ஆட்டம் கிளிநொச்சிப் பக்கம் என்றால் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்க ஆளுக்கு ஆள் காசு சேர்க்கிறோம். ஒன்பது பேருடன் களம் இறங்கி வாங்கிய கோல்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் மைதானத்தில் வலை இல்லை என்பதற்காக எல்லா ஆட்டங்களையும் வெளியூரில் போடுகிறார்கள். சொந்த மண்ணில் ஆடினால் கைதட்டவாவது ஊர்ச் சனம் வரும்.

இந்த நிலையில் உங்கள் கெட்டிக்காரப் பையன் எங்களிடம் வந்து என்ன செய்வான்? அவனையும் கூட்டிவர இன்னொரு மோட்டார் சைக்கிள் வேண்டும். கடை வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டாத வயலுக்கு விதைநெல்லை இரட்டிப்பாகக் கொடுப்பது போன்ற உதவி இது. அந்த விதியை நானும் விரும்பவில்லை. ஆனால் விதி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். நாங்கள் அதே ஒன்பது பேருடன் நிற்போம். அதையும் யோசியுங்கள்.

---

மன்னார் நடுவர்:

நான் விசில் ஊதி முழங்கால் தேய்ந்தவன். இந்த அவுஸ்திரேலிய ஆட்டத்தையும் மகன் புண்ணியத்தில் பார்க்கிறேன். ஒரு பக்கமாகப் பேசக்கூடாது. ஹோதோர்ன் 2004இல் மேலதிகத் தெரிவில் ரஃப்ஹெட்டையும், ஐந்தாவதாக லான்ஸ் பிராங்ளினையும் எடுத்தது. 2008இல் கோப்பை, பிறகு 2013, 2014, 2015 என்று மூன்று. உதவி பலித்த இடமும் உண்டு. அதே ஆண்டில் ரிச்மண்டும் அதே சலுகையைப் பெற்று, முதல் தெரிவாக டெலிடியோவையும் நான்காவதாக டாம்ப்ளிங்கையும் எடுத்தது. பிராங்ளின் அடுத்த தெரிவில் ஹோதோர்னுக்குப் போனார். ரிச்மண்ட் கோப்பை வென்றது 2017இல், டெலிடியோ வேறு கழகத்துக்குப் போன பிறகு. ஆளைத் தெரிந்தெடுக்கும் கண்ணும் வளர்க்கும் கையும் உள்ள இடத்தில்தான் சலுகை முளைக்கிறது. ஜீலோங்கைப் பாருங்கள். 2007 முதல் 2025 வரை இரண்டே இரண்டு முறைதான் இறுதிச் சுற்றுகளைத் தவறவிட்டார்கள். இப்படிப்பட்ட சலுகையிலா அவர்கள் அங்கே நிற்கிறார்கள்?

என் பயம் வேறு. தோற்றால் பரிசு என்று எழுதி வைத்தால் தோற்கப் பார்ப்பார்கள். மெல்பேர்ண் கழகம் (நோர்த் மெல்பேர்ண் வேறு) 2009இல் நான்கே வெற்றிகளுடன் முடித்து, முதல் இரண்டு தெரிவுகளையும் பெற்றது: டொம் ஸ்கலி, ஜக் டிரெங்கோவ். வேண்டுமென்றே தோற்றார்களா என்று பின்னர் விசாரணை நடந்தது. தோற்க முயன்றதாகத் தீர்ப்பு வரவில்லை. ஆனாலும் 2013இல் 5 இலட்சம் டொலர் அபராதமும், அப்போதைய பயிற்றுநருக்கும் ஓர் அதிகாரிக்கும் தடையும் விழுந்தன. பணமும் சட்டத்தரணிகளும் உள்ள லீக்கிலேயே இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க முடியவில்லை. நம் ஊரில் கடைசி வாரம் ஒரு பின்வரிசைப் பையனின் காலில் பந்து நழுவினால் "விட்டுக் கொடுத்தான்" என்று பேச்சு எழும். அந்தப் பேச்சு பையனை ஆயுளுக்கும் விடாது. நடுவராக நான் இதை வேண்டாம் என்பேன்.

---

ஒட்டுசுட்டான் பயிற்றுநர்:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அக்கா, ரீவோல்ட் எனக்குத் தெரியும். அவரைப் போல் ஓடிய முன்வரிசை வீரரை நான் பார்த்ததில்லை. அவரும் கோப்பை தொடாமல்தான் ஓய்வு பெற்றார். முதல் இரண்டு தெரிவுகளும் கிடைத்த கழகத்துக்கும் கதை அதுதான்.

நடுவர் ஐயா எடுத்த மெல்பேர்ண் கதையில் இன்னும் ஒரு பகுதி இருக்கிறது, என் வாதமே அதில்தான் நிற்கிறது. ஸ்கலி 2011 முடிவில் புதிய கழகமான ஜிடபிள்யூஎஸ்ஸுக்குப் போய்விட்டார். 2013இல் மெல்பேர்ண் மறுபடி தரைமட்டம், மறுபடி மேலதிகத் தெரிவு கேட்டது. லீக் மறுத்துவிட்டது. அதற்குப் பதிலாக நிர்வாகத்தைச் சீராக்கப் பீட்டர் ஜக்சன் வந்தார், சிட்னிக்குக் கோப்பை வென்று கொடுத்த போல் ரூஸைப் பயிற்றுநராகக் கொண்டுவர லீக் பணம் கொடுத்து உதவியது. 2021இல் 57 ஆண்டுக் காத்திருப்பு முடிந்து கோப்பை வந்தது. அதைத் தூக்கிய அணித் தலைவர் மக்ஸ் கோன், ஸ்கலியும் டிரெங்கோவும் வந்த அதே 2009 தெரிவில் 34ஆவதாக வந்தவர்! முதலிரண்டு இடங்களில் வந்தவர்கள் எங்கே, 34ஆம் இடத்துக்காரர் எங்கே? அதே கோப்பை அணியில் ஆடிய பெட்ராக்காவை இரண்டாவது தெரிவில் எடுத்தார்களே என்று யாராவது கேட்கலாம். அது அவர்கள் நின்ற இடத்துக்கு வழமையாகக் கிடைத்தது, யாரிடமிருந்தும் பறித்ததல்ல.

துணுக்காய்ச் செயலாளர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் கடிதத்தின் வரைவைத் தொடங்கினேன். விதியை எதிர்ப்பதோடு நிற்கப் போவதில்லை. கடைசி இரண்டு கழகங்களுக்கும் பருவத்தில் பாதி ஆட்டங்களாவது சொந்த மைதானத்தில் வேண்டும், வலையும் கோடு போடும் சுண்ணாம்பும் போட்டியை நடத்துபவர்கள் கொடுக்க வேண்டும். வெளியூர் ஆட்டத்துக்குப் பயணச் செலவைப் பொதுக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். முதல் மூன்று இடங்களில் வந்த கழகங்கள் ஒவ்வொன்றும் ஒரு மூத்த வீரரை வாரத்தில் ஒரு மாலை அங்கே பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் மூன்றுக்குள் வரவில்லை, ஆனாலும் நானே போவேன். பையன் எவனாவது ஒரு பருவம் அங்கே போய் ஆட விரும்பினால், அவனும் பெற்றோரும் சம்மதித்தால், நாங்கள் தடுக்க மாட்டோம். பருவம் முடிந்ததும் அவன் தன் ஊருக்கே ஆடலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். கட்டாயம் என்ற சொல் எங்கும் வரக்கூடாது.

அக்கா சொன்ன முப்பது வயதுக்காரரை எப்படிச் சேர்ப்பது என்றுதான் இன்னும் யோசிக்கிறேன். நம் பக்கத்தில் முப்பது வயதில் பலர் ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள், வீடும் வேலையும் இழுத்துவிடுகின்றன. பழைய வீரர்களைப் பதிவுக் கட்டணம் இல்லாமல் பின்தங்கிய கழகங்களில் ஆட அனுமதிக்கலாமா? நடுவர் ஐயா, விதிப்படி இதற்குத் தடை ஏதும் உண்டா?

---

மன்னார் நடுவர்:

பிரதேச அளவில் கட்டணம் வைப்பதும் விடுவதும் நடத்துபவர்கள் கையில்தான். பதிவுத் திகதிக்குள் பெயர் கொடுத்தால் போதும். ஒரு யோசனை: அணிக்கு இருவர் என்று வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் ஏதோ ஒரு பணக்காரக் கழகம் பின்தங்கிய கழகத்தின் பெயரில் பழைய மாவட்ட வீரர்களை எல்லாம் இறக்கிவிடும்.

---

துணுக்காய்ச் செயலாளர்:

எங்கள் ஊரிலேயே அப்படி இருவர் இருக்கிறார்கள். ஒருவர் அரிசி ஆலை நடத்துகிறார், இன்னும் காலில் பலம் இருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன்.

ஐயா, கடிதம் எழுதி முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், இங்கேயும் அதைக் கொடுக்கிறேன். பயணச் செலவை முதலாவதாக எழுதுங்கள், வலையை இரண்டாவதாக. சப்பாத்து விட்டுப்போயிருக்கிறது, அதையும் சேர்த்துவிடுங்கள். எங்கள் பையன்களில் பாதிப் பேர் இரவல் சப்பாத்தில்தான் ஆடுகிறார்கள்.