அவசரம்: டைம்ஷேர் வில்லா எடுக்கலாமா, ஓட்டல் ரூமே போதுமா?

தேவனாம்பட்டினம்
டைம்ஷேர் வில்லா ஒன்று எடுக்கப் பேச்சு நடக்கிறது. மொத்தமாகப் பணம் கட்டிவிட்டால் பல வருஷத்துக்கு, வருஷம் சில இரவு அவர்கள் ரிசார்ட்டில் தங்கலாம் என்ற திட்டம். நேற்று பாண்டியில் ஓர் ஓட்டலுக்குக் குடும்பத்தோடு கூப்பிட்டு, டிபன் கொடுத்து, ரொம்ப நேரம் பேசினார்கள். இன்று மாலைக்குள் மீதிப் பணத்தைக் கட்டினால்தான் சலுகை விலையாம். வருஷா வருஷம் லீவுக்கு ஓட்டலில் கொட்டும் பணத்துக்கு இது எவ்வளவோ லாபம் என்கிறார்கள். வீட்டில் எல்லாருக்கும் ஆசை. எனக்கு மட்டும் எங்கேயோ இடிக்கிறது. எடுக்கலாமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பாகூரான்
மொத்தம் எவ்வளவு? எத்தனை வருஷத்துக்கு? வருஷத்துக்கு எத்தனை இரவு? எந்த மாசம் போவீர்கள், எத்தனை பேர்? ‘மீதிப் பணம்’ என்றால் ஏற்கெனவே கொஞ்சம் கொடுத்தாயிற்றா?

ஓ.டி. பையன்
எடுக்காதீங்க அண்ணே. எங்கள் சித்தப்பா தொண்ணூறுகளில் இப்படித்தான் ஒன்று வாங்கினார். கொடைக்கானலில் கட்டப்போகிறோம் என்று கலர் வரைபடம் காட்டினார்கள். அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை. சான்றிதழ் மட்டும் இன்னும் பீரோவில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. இந்தத் தொழிலே ஏமாற்று.

லாஸ்பேட்டை அக்கா
தம்பி, ஒருவர் ஏமாற்றினார் என்பதற்காகத் தொழிலையே தள்ளிவிட முடியுமா? டைம்ஷேர் கம்பெனிகளில் ஸ்டெர்லிங் 1986-இல் சென்னையில் ஆரம்பித்தது, கிளப் மஹிந்திரா 1996-இல். இரண்டும் இன்றைக்கும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. எங்களிடம் டைம்ஷேர் இருக்கிறது, வருஷம் தவறாமல் போகிறோம். நானும் வீட்டுக்காரரும் ஓய்வுபெற்றவர்கள். கூட்டமில்லாத மாசமாகப் பார்த்துப் போவோம், கேட்ட இடம் கிடைக்கும். ஹால், படுக்கையறை, சின்ன சமையலறை எல்லாம் இருக்கும். பேரப்பிள்ளைகள் வந்தால் ஓடி விளையாட இடம். ஓட்டலில் கதவைத் திறந்தால் கட்டில், கட்டிலைத் தாண்டினால் பாத்ரூம், அவ்வளவுதானே.

கணக்கு நோட்டு
இந்தக் கேள்வியை யாராவது மாசம் ஒருமுறை இங்கே கொண்டுவருகிறார்கள். கேட்பவர் ஒருவராவது ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு வந்ததாக நினைவில்லை. வில்லா என்று எழுதியிருக்கிறீர்கள். அது விற்பனைப் பையன் சொன்ன வார்த்தையா, ஒப்பந்தத்தில் இருக்கும் வார்த்தையா? சீசன் எது? பராமரிப்புக்கென்று வருஷா வருஷம் கட்டும் வருடக் கட்டணம் எவ்வளவு? அது வருஷத்துக்கு எவ்வளவு ஏறும்? இதெல்லாம் இல்லாமல் எடுக்கலாமா என்று கேட்பது ஜாதகத்தைக் காட்டாமல் பொருத்தம் கேட்பது மாதிரி. விவரத்தோடு வாருங்கள், சொல்கிறேன்.

தேவனாம்பட்டினம்
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதியது. மொத்தம் 4,80,000. 25 வருஷம். வருஷத்துக்கு 7 இரவு. வருடக் கட்டணம் 22,000, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. அப்பா, அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், தங்கை என ஏழு பேர். பிள்ளைகளுக்குப் பள்ளி என்பதால் மே மாசம்தான் போக முடியும். நேற்றே 20,000 கார்டில் தேய்த்தாயிற்று. ஆபீஸில் இருக்கிறேன், சாயங்காலம் பார்க்கிறேன்.

கணக்கு நோட்டு
சரி, கணக்கைப் பார்ப்போம். 4,80,000-ஐ 25-ஆல் வகுத்தால் வருஷத்துக்கு 19,200. வருடக் கட்டணம் 22,000, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 25,960. ஆக மொத்தம் 45,160. ஏழு இரவுக்குப் பிரித்தால் ஓர் இரவு 6,450 ரூபாய் சொச்சம். விற்பவர்கள் காட்டுவது முதல் கணக்கை மட்டும்தான்: வருஷம் 19,200, ஓர் இரவு 2,750 கூட ஆகாது என்பார்கள். கேட்கிறவருக்கு மலிவாகத்தான் தெரியும்.

அடுத்தது வட்டி. அதே 4,80,000-ஐ வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் வருஷத்துக்கு 33,600 வரும். வரி பிடித்தம் தனி. ஓட்டலில் 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், முன்பு 12 ஆக இருந்தது. 4,000 ரூபாய் அறை இரண்டு எடுத்தால் வரியோடு ஓர் இரவுக்கு 8,400. நாலு இரவுக்கு 33,600. வட்டியிலேயே நாலு இரவு, இரண்டு அறை முடிந்துவிடுகிறது. போட்ட அசல் வங்கியில் அப்படியே இருக்கும், 25,960-உம் கையில் இருக்கும். டைம்ஷேரில் 25 வருஷம் கழித்துக் கட்டிய பணம் திரும்ப வராது. ஈ.எம்.ஐ.யில் எடுத்தால் அதன் வட்டி இதற்கும் மேல்.

லாஸ்பேட்டை அக்கா
மே மாசம் கொடைக்கானலில் 4,000-க்கு நல்ல அறை எங்கே கிடைக்கிறது சார்? ஓட்டல் வாடகையும்தான் வருஷா வருஷம் ஏறுகிறது. அதை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?

கணக்கு நோட்டு
6,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அறை, வரியோடு 12,600. நாலு இரவுக்கு 50,400. அப்போதும் வட்டியும் வருடக் கட்டணமும் சேர்ந்த 59,560-க்குள் அடங்கிவிடும். ஓட்டல் வாடகை ஏறும், உண்மை. வருடக் கட்டணமும் ஏறும். வருஷம் 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் இரண்டு மடங்கு. வாடகை ஏறினால் ஒரு வருஷம் போகாமல் வீட்டில் இருக்கலாம். வருடக் கட்டணத்தைப் போகாத வருஷத்திலும் கட்ட வேண்டும். அடிப்படைப் பாடம் இது, நான் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது.

ஊர்சுற்றி
கணக்கு நோட்டு சொன்னது சரி. ஆனால் கேட்டவருக்குப் பணத்தைவிடப் பெரிய சிக்கல் சீசன். ஒவ்வொரு கம்பெனியும் வருஷத்தைத் துண்டு போட்டு விற்கும். உதாரணத்துக்கு, கிளப் மஹிந்திராவில் ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என நாலு. ஊதாதான் உச்சம், விலையும் அதற்குத்தான் அதிகம். கீழ் சீசனை வாங்கிவிட்டு மேல் சீசனில் அறை கேட்டால் கிடைக்காது, அல்லது கூடுதலாகக் கட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மே, தீபாவளி, கிறிஸ்துமஸ் விடுமுறை தவிர வேறு நாள் கிடையாது. உச்ச சீசனே வாங்கினாலும் அதே மே மாசத்துக்கு எல்லா உறுப்பினரும் மோதுவார்கள். அக்காவுக்கு நினைத்த இடம் கிடைக்கிறது என்றால் அவர் கூட்டமில்லாத மாசம் போகிறார். அவருக்கு இது சரியான பொருள்.

பாகூரான்
ஏழு பேர் என்கிறார். ஸ்டூடியோ என்று ஒரு வகை உண்டு, ஒரே அறை, அதில் பெரியவர் இரண்டு, பிள்ளைகள் இரண்டு என்றுதான் பெரும்பாலும் கணக்கு. தேவனாம்பட்டினம், உங்கள் ஒப்பந்தத்தில் என்ன வகை என்று பார்த்தீர்களா? ரத்து பற்றி ஒரு பத்தி இருக்கும், அதையும் பாருங்கள்.

டவுன்ஷிப்வாசி
சமையலறை இருக்கிறது என்று அக்கா பெருமையாகச் சொல்கிறார். நான் கேட்கிறேன், லீவுக்குப் போன இடத்திலும் அம்மாவோ மனைவியோ அடுப்படியில் நிற்க வேண்டுமா? வருஷம் முழுக்க அதைத்தானே செய்கிறார்கள்? ஓட்டல் ரூமில் இருக்கும் ஒரே நல்ல விஷயம் அங்கே அடுப்பு இல்லை என்பதுதான்.

லாஸ்பேட்டை அக்கா
யார் மூன்று வேளை சமைக்கச் சொன்னது? என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. காலையில் கேழ்வரகுக் கஞ்சி குடித்தால்தான் மாத்திரை போட முடியும். ரெஸ்டாரண்டில் ஏழரைக்குத்தான் காலை உணவு. ஆறு மணிக்கு நானே ஒரு குக்கரை வைத்து வேலையை முடித்துவிடுவேன். கைக்குழந்தை இருக்கும் வீட்டைக் கேட்டுப் பாருங்கள், பால் காய்ச்ச ஒரு இடம் இல்லாமல் ரூம் சர்வீஸுக்குப் போன் போட்டுக் காத்திருப்பது என்ன பாடு என்று தெரியும். சமைப்பதும் சமைக்காததும் அவரவர் இஷ்டம். அடுப்பு இருந்தால் இஷ்டப்படி செய்யலாம்.

டவுன்ஷிப்வாசி
உங்கள் வீட்டில் உங்கள் இஷ்டம் நடக்கிறது, சந்தோஷம். எங்கள் அத்தை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எட்டு பேர் போனார்கள். ‘அதான் கிச்சன் இருக்கே’ என்று அரிசி, பருப்பு, இட்லி மாவு எல்லாவற்றையும் கார் டிக்கியில் ஏற்றினார்கள். அத்தை ஏரியையே பார்க்கவில்லை. மதியம் எல்லாரும் படகுக்குப் போனபோது அவர் ராத்திரிக்குச் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தார். அடுப்பு இருந்தால் அதில் யாராவது ஒருவரை நிற்க வைத்துவிடுவார்கள், அதுதான் நம் வீடுகள்.

ஓ.டி. பையன்
டவுன்ஷிப்வாசி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

ஊர்சுற்றி
ஒரு விவரம். ஸ்டூடியோவில் பல இடங்களில் இருப்பது ஒரு மைக்ரோவேவ், ஒரு கெட்டில், சின்ன ஃபிரிட்ஜ், அவ்வளவுதான். அதில் ஏழு பேருக்கு இட்லி வேகாது. என்ன இருக்கிறது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பாகூரான்
மலைக்குத்தான் போகவேண்டுமா என்றும் யோசியுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்குச் சாதாரண நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் போட்டார்கள். டைம்ஷேரில் அறை கிடைத்தாலும் சொந்தக் காரில் போனால் பாஸ் வேண்டும். ஏற்காட்டை ஒருமுறை பாருங்கள். விருத்தாசலம், சேலம் வழியாகப் போய்விடலாம். தமிழ்நாடு ஓட்டலும் அங்கே இருக்கிறது.

ஓ.டி. பையன்
மலையே எதற்கு? பாண்டியில் திங்கள் முதல் வியாழன் வரை தங்கிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னை, பெங்களூரு வண்டிகள் வந்ததும் வாடகை ஏறிவிடும். நடு வாரத்தில் ஒயிட் டவுன் தெருக்கள் காலியாக இருக்கும். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், பிள்ளைகளைப் பயமில்லாமல் நடக்க விடலாம்.

டவுன்ஷிப்வாசி
கடலூர்க்காரர் அரை மணி தூரத்தில் இருக்கும் பாண்டிக்குப் போய் ரூம் போடுவாரா? தேவனாம்பட்டினத்திலேயே கடல் இருக்கிறது.

ஓ.டி. பையன்
கடலுக்காகச் சொல்லவில்லை. அம்மா சமைக்காமல் நாலு நாள் இருக்கவேண்டும் என்றுதானே நீங்களும் சொன்னீர்கள்?

லாஸ்பேட்டை அக்கா
மறுபடியும் அடுப்பா? கேட்டவர் இன்று மாலைக்குள் முடிவெடுக்க வேண்டும். அதற்குப் பதில் சொல்லுங்கள். தம்பி, நான் டைம்ஷேரை ஆதரிப்பவள்தான். ஆனாலும் சொல்கிறேன், இன்றைக்குக் கட்டாதே. நல்ல கம்பெனி அடுத்த வாரமும் விற்கும். நாங்கள் ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, மகனிடம் காட்டி, நிதானமாகப் படித்த பிறகுதான் பணம் கட்டினோம். சாயங்காலத்துக்குள் என்று கழுத்தைப் பிடிப்பவனிடம் எதையும் வாங்கக் கூடாது.

ஓ.டி. பையன்
20,000 போனது போனதுதான். வழக்குப் போடுவதென்றால் மும்பைக்கோ டெல்லிக்கோ ஓடவேண்டும். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

கணக்கு நோட்டு
தெரியாததைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். அவருக்குக் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பல தகராறுகள் அங்கேயே முடிந்துவிடும்.

ஊர்சுற்றி
இன்றே செய்யவேண்டியது: போனில் பேசுவதோடு விட்டுவிடாதீர்கள். ‘உறுப்பினர் சேர்க்கையை ரத்து செய்கிறேன், கட்டிய தொகையைத் திருப்பித் தாருங்கள்’ என்று கம்பெனிக்கு இரண்டு வரி மெயில், அதே வாசகம் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில். போனில் சொன்னால் ‘மேனேஜர் கூப்பிடுவார்’ என்று இழுத்தே, ரத்து செய்ய ஒப்பந்தம் தரும் நாட்களைக் கடத்திவிடுவார்கள். கார்டில் கட்டியதால் வங்கிக்கும் டிஸ்ப்யூட், அதாவது இந்தத் தொகையை ஏற்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள். ஈ.எம்.ஐ.க்காகக் காசோலையோ, வங்கிக் கணக்கில் தானாகப் பிடிக்கும் அனுமதியோ கொடுத்திருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

பாகூரான்
தேவனாம்பட்டினம், ஆறு மணி ஆகிவிட்டதே, என்ன செய்தீர்கள்?

லாஸ்பேட்டை அக்கா
தம்பி, ஒரு வரி போடுப்பா. மனசு கேட்கவில்லை.

தேவனாம்பட்டினம்
எல்லாருக்கும் நன்றி. இப்போதுதான் ஒப்பந்தத்தைப் படித்தேன். வில்லா என்ற வார்த்தையே இல்லை. ஸ்டூடியோ, ‘நடு சீசன்’. பின்பக்கப் பட்டியலில் மே மாசம் உச்ச சீசனில் இருக்கிறது. மீதி கட்டவில்லை. மெயில் போட்டாயிற்று, காலையில் தலைமைத் தபால் நிலையம் போகிறேன். ரத்து செய்வதற்கான கெடு இன்னும் முடியவில்லை. அப்பாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

ஊர்சுற்றி
நல்லது. கெடு கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தா, முழுப் பணம் கட்டிய நாளிலிருந்தா என்று பாருங்கள். தெளிவாக இல்லையென்றால் கையெழுத்து நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். தபால் ரசீதில் இருக்கும் எண்ணைப் படமெடுத்து வையுங்கள், அந்தக் காகிதத்தில் மை சீக்கிரம் அழிந்துவிடும்.