எத்தனையாம் பிள்ளை?

நோர்வேயில் பிள்ளை வளர்த்தவர்களிடம் இப்படி ஒரு கதையாவது இருக்கும். என்னுடையதைச் சொல்கிறேன்.

எண்பதுகளில் எங்கள் ஆட்கள் பலரைப் போல நானும் ஃபொல்கஹொய்ஸ்கூல என்ற தங்கிப் படிக்கும் பள்ளியில் படிக்க என்று வந்து, பிறகு வடக்கே ஃபின்மார்க்கில் மீன் வெட்டப் போனவன். மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பெற்றோர் சந்திப்புக்குக் கூப்பிட்டார்கள். வேலை முடிந்து நேரே போனேன். மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் கையில் மீன் மணம் போகவில்லை.

உட்கார்ந்ததும் கேட்டேன், பிள்ளை வகுப்பில் எத்தனையாம் ஆள் என்று. என் நோர்வேஜிய மொழி அப்போது அந்தளவுதான். ஆசிரியை சிரித்தபடி, “பதினெட்டுப் பேர்” என்றார். எனக்கு நெஞ்சு பகீர் என்றது. பதினெட்டாம் பிள்ளையா? எங்கள் குடும்பத்திலேயே ஐந்துக்குக் கீழே போனவர்கள் இல்லை!

விளங்கவைக்க அவருக்கு நிறைய நேரம் எடுத்தது. உங்டம்ஸ்கூல என்ற இடைநிலைப் பள்ளிக்குப் போகும்வரை இங்கே புள்ளியும் இல்லை, இடமும் இல்லை. அவர் கதைத்ததெல்லாம் வேறு: இடைவேளையில் மகளுக்கு விளையாட ஆள் இருக்கிறதா, வீட்டில் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன சொல்கிறாள், உள்ளே போட ஒரு கம்பளி உடுப்பு வாங்க முடியுமா. கணக்கைப் பற்றி இரண்டே வசனம். இது என்ன படிப்பு என்று எரிச்சலோடுதான் வீட்டுக்கு வந்தேன். அன்றிரவே வாய்ப்பாடு பாடமாக்க வைத்தேன், அது வேறு கதை.

சாப்பாட்டுப் பிரச்சினை இன்னும் பெரிது. மனைவி கட்டிக் கொடுத்த இடியப்பம் அப்படியே திரும்பி வரும். மகளுக்கு வேண்டியது மற்றப் பிள்ளைகள் கொண்டுவரும் பாணும் ப்ரூனுஸ்ட் என்ற பழுப்புச் சீஸும். மனைவி ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, “பால்ரொபி மாதிரி இருக்கு, இதைப் போய் ஆராவது பாணுக்குள்ளே வைப்பினமா?” என்றாள். இப்போது எங்கள் குளிரூட்டியில் அது இல்லாத நாள் இல்லை.

— — —

அண்ணை, மீன் மணம் என்றதும் எனக்கும் பழசெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் சண்டை லைர்ஸ்கூலவுக்குத்தான். வகுப்போடு போய் ஒரு கிழமை வெளியே தங்க வேண்டும், ஆண் பிள்ளைகளும் வருவார்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயது. என் மனுசன் ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டார்.

ஆசிரியர் வீட்டுக்கே வந்தார். இவர் முகம் கொடுக்கவில்லை. நான்தான் தேத்தண்ணியும் வடையும் வைத்தேன். அவர் வாதாடவே இல்லை. ஒரு தாளை எடுத்து, பெண் பிள்ளைகள் படுக்கும் அறை எது, ஆண் பிள்ளைகள் எந்தக் கட்டடம், நடுவில் தான் எங்கே படுப்பார் என்று கீறிக் காட்டிவிட்டு, மிஞ்சிய வடையையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இவர் அந்தத் தாளை இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லாமல் கடைக்குப் போய், சைபருக்குக் கீழே பதினைந்து பாகைக் குளிரையும் தாங்கும் தூக்கப்பை ஒன்று வாங்கி வந்தார். பயணம் ஜூன் மாதத்தில்.